அத்தியாயம் 7: வெட்டத் தடையுள்ள மரம் விழும்போலத் தெரிந்தால்

இங்கிலாந்தில் வீடு வாங்கிய பலருக்குத் தோட்டத்து மூலையில் நிற்கும் ஓக் மரம் தங்களுடையது என்பது தெரியும். அதன் ஒரு கிளையைத் தொடவும் கவுன்சிலின் அனுமதி வேண்டும் என்பது பெரும்பாலும் பிறகுதான் தெரியவருகிறது. டிபிஓ என்று எல்லோரும் சொல்லும் மரப் பாதுகாப்பு ஆணை அதன் மேல் இருக்கும். புயலடித்த ஓர் இரவுக்குப் பிறகு மரம் சற்றுச் சாய்ந்திருப்பதாகப் படுகிறது, அல்லது அடியில் காளான் முளைத்திருக்கிறது. உடனே இரண்டு பயங்கள் சேர்ந்து வருகின்றன: மரம் வீட்டின் மேல் விழுமோ என்பது ஒன்று, கை வைத்தால் வழக்கு வருமோ என்பது இன்னொன்று. வழக்குக்குப் பயந்தவர்கள் வருடக்கணக்கில் எதுவும் செய்யாமல் இருந்துவிடுகிறார்கள். மரத்துக்குப் பயந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளைக் கூப்பிட்டு மதியத்துக்குள் வேலையை முடித்துவிடுகிறார்கள். பிறகு கேள்வி வரும்போது இரு தரப்பினரிடமும் காட்டுவதற்கு ஓர் ஆதாரமும் இருப்பதில்லை.

சட்டம் ஆபத்தான மரத்தை அப்படியே விட்டுவைக்கச் சொல்லவில்லை. ஆபத்து என்று சொல்பவர் அதைக் காட்ட வேண்டும் என்றுதான் கேட்கிறது. 1990ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டமும் அதன் கீழ் 2012இல் வந்த மரப் பாதுகாப்பு விதிகளும் இந்த ஒரு எதிர்பார்ப்பைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கின்றன. மரம் வெட்டப்பட்ட மறுகணம் அதன் நிலையைப் பற்றிய சாட்சியும் போய்விடுகிறது. ஆகவே முதலில் ஆதாரத்தைச் சேர்க்க வேண்டும், ரம்பம் கடைசியில்தான் வர வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு.

தொடங்கும் முன் ஒரு தவறான நம்பிக்கையை விட்டுவிடுங்கள். ஆணை போட்டது கவுன்சில், எனவே மரம் விழுந்தால் கவுன்சில்தான் பொறுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆணை வந்த பிறகும் மரம் உங்களுடையதுதான், அதைக் கவனித்துக்கொள்ளும் கடமையும் உங்களுடையதுதான்.

மரத்தின் மேல் தடை இருக்கிறதா?

1. கவுன்சிலின் இணையதளத்தில் உள்ள வரைபடத்தில் உங்கள் முகவரியைத் தேடுங்கள். பல கவுன்சில்கள் ஆணையுள்ள மரங்களை அதில் குறித்திருக்கின்றன. அதில் இல்லை என்பதால் தடையே இல்லை என்று முடிவு கட்டவேண்டாம். கவுன்சிலில் மரங்களைக் கவனிக்கும் அதிகாரியான ட்ரீ ஆபீசருக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது பின்னால் உதவாது.

2. ஆணை இருந்தால் அதன் நகலையும் அட்டவணையையும் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். தனி மரமாகவோ, கூட்டமாகவோ, ஒரு பரப்பாகவோ, காடாகவோ ஆணை போடலாம். பரப்பாகப் போட்டிருந்தால், ஆணை போட்ட நாளில் அங்கே நின்ற மரங்களுக்குத்தான் அது பொருந்தும், பிறகு முளைத்தவற்றுக்குப் பொருந்தாது.

3. உங்கள் தெரு கன்சர்வேஷன் ஏரியா எனப்படும் பாதுகாக்கப்பட்ட வட்டாரத்துக்குள் வருகிறதா என்றும் கேளுங்கள். வந்தால், தனி ஆணை இல்லாத மரத்துக்கும் பாதுகாப்பு உண்டு. தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் தண்டின் விட்டம் 75 மில்லிமீட்டரைத் தாண்டினாலே போதும்.

4. மரம் யாருடையது என்று உறுதிசெய்யுங்கள். தண்டு எந்த நிலத்திலிருந்து எழும்புகிறதோ அந்த நிலத்துக்காரர்தான் பொதுவாக உரிமையாளர். கிளை எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்பது உரிமையைத் தீர்மானிக்காது.

குறிப்பு: வீடு வாங்கும்போது சொலிசிட்டர் எடுத்துத் தந்த லோக்கல் சேர்ச் காகிதங்களில் டிபிஓ பதிவாகியிருக்கும். அந்தக் கோப்பை முதலில் தேடிப் பாருங்கள்.

தரையில் நின்றபடி பார்க்க வேண்டியவை

நிபுணரை அழைக்கும் முன் நீங்களே பார்க்க வேண்டும். மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத நமக்கு இது எப்படி முடியும் என்று கேட்கலாம். சட்டம் வீட்டுக்காரரிடம் நிபுணத்துவத்தை எதிர்பார்க்கவில்லை. ஸ்டேன்ஸ் அருகே 2009இல் ஒரு வீட்டுத் தோட்டத்து ஆஷ் மரத்தின் பகுதி ரயில் பாதையில் விழுந்தது. ஸ்டேஜ்கோச் ரயில் நிறுவனம் வீட்டுக்காரர் மேல் வழக்குப் போட்டது. 2014இல் உயர் நீதிமன்றம் வீட்டுக்காரர் பொறுப்பல்ல என்று தீர்ப்பளித்தது. சாதாரண வீட்டுக்காரர் அவ்வப்போது மரத்தைத் தானே கவனித்து வந்தால் போதும், கோளாறுக்கான அறிகுறி கண்ணில் பட்டால்தான் நிபுணரைக் கூப்பிடும் கடமை எழுகிறது என்பது அதன் சாரம். ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரே அளவுகோல் இல்லை. சர்ரேயில் விட்லி என்ற ஊரின் மன்றத்துக்குச் சொந்தமான பெரிய லைம் மரம் (இது எலுமிச்சை இல்லை, சாலையோரங்களில் நிற்கும் நெடுமரம்) 2012இல் ஒரு பஸ்ஸின் மேல் விழுந்தது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பார்வையிட வைத்தது போதாது என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மன்றத்தைப் பொறுப்பாக்கியது. பெரிய மரம், நெரிசலான சாலை என்றால் இன்னும் அடிக்கடி பார்த்திருக்க வேண்டும் என்பது அதன் பொருள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் உங்கள் வேலையின் அளவு தெரியும். தோட்டத்தின் ஆழத்தில் யாரும் போகாத மூலையில் நிற்கும் மரத்துக்கு ஓரளவு கவனம் போதும். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதைக்கு மேல் கிளை நீட்டும் மரத்துக்கு அது போதாது.

5. அடியிலிருந்து தொடங்குங்கள். மரம் சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மண் புதிதாக வெடித்திருக்கிறதா, தரை மேலெழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் வேர்த்தட்டு அசைகிறது என்று பொருள். மற்றதை விட்டுவிட்டு 10ஆம் படிக்குப் போங்கள். பல ஆண்டுகளாகச் சாய்ந்தே வளர்ந்து, மேல்பகுதி மீண்டும் நேராக நிமிர்ந்திருக்கும் மரம் அந்தச் சாய்வுக்குப் பழகிவிட்டது. அது பொதுவாகப் பதற வேண்டிய விஷயமில்லை.

6. வேர்க்கால்களைச் சுற்றியும் தண்டின் கீழ்ப்பகுதியிலும் காளான் இருக்கிறதா என்று பாருங்கள்.

7. தண்டில் நீளமான பிளவு, உரிந்து தொங்கும் பட்டை, இரண்டு பெருங்கிளைகள் பிரியும் கவையில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

8. இலைக்காலத்தில் உச்சியைப் பாருங்கள். இலை பாதியாகக் குறைந்திருக்கிறதா, நுனிகள் மொட்டையாக நிற்கின்றனவா?

9. ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். அளவு தெரிய ஓர் அளவுகோலையோ செங்கல்லையோ பக்கத்தில் வையுங்கள். அதே இடத்தில் நின்று வருடத்துக்கு இரண்டு முறை எடுத்தால் மாற்றம் தெரியும். கோடையில் இலையும், இலையுதிர் காலத்தில் காளானும் நன்றாகத் தெரியும்.

காளானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகப் பதற்றமும் அதிக அலட்சியமும் இங்கேதான் நடக்கின்றன. ஓக் தண்டில் பச்சை இறைச்சி நிறத்தில், கீறினால் சிவப்பாகக் கசியும் ஒரு காளான் வரும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அது மெதுவாக வேலை செய்வது. அதோடு ஓக் பல பத்தாண்டுகள் நின்றுவிடும். பீச் மரத்தின் அடியில் கோடை முடிவில் விசிறி விசிறியாக அடுக்கிவரும் பெரிய பழுப்புக் காளான் வேறு ரகம். விரலால் அழுத்தினால் அந்த இடம் கறுத்துவிடும், அது கண்ணுக்குத் தெரியாத வேர்களைத் தின்றுகொண்டிருக்கும். எல்லாவற்றிலும் ஏமாற்றுக்காரன் பீச், லைம், சிக்கமோர் மரங்களின் அடியில் ஒட்டிக்கிடக்கும் கறுப்புப் பொருக்குத்தான். வசந்தத்தில் ஓரம் வெளுத்த சாம்பல் நிறப் பூச்சாகத் தொடங்கும். பிறகு அடுப்புக்கரியை உருக்கி அப்பியதுபோலக் கறுத்து, விரலால் தட்டினால் நொறுங்கும். யாரோ அங்கே தீ மூட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக் கடந்துபோவார்கள். அது மரத்தின் அடியை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவந்துவிடும், மேலே உச்சி பச்சைப்பசேலென்று இருக்கும்போதே தண்டு அடியோடு முறியலாம். எனவே காளான் இருக்கிறது என்பது மட்டும் ஒரு முடிவுக்குப் போதாது. எந்த மரம், எந்தக் காளான், எந்த இடம் என்ற மூன்றும் தெரிந்தால்தான் அது ஆதாரமாகும். பெயர் தெரியாவிட்டாலும் தெளிவான படம் உங்களிடம் இருந்தால் நிபுணர் சொல்லிவிடுவார்.

ஆஷ் மரம் என்றால் இன்னொரு கவலையும் உண்டு. 2012இல் பிரிட்டனில் முதலில் உறுதிசெய்யப்பட்ட ஆஷ் நுனிக்கருகல் நோய் இன்று நாடெங்கும் இருக்கிறது. நோய் முற்றிய ஆஷ் கட்டை எதிர்பாராமல் முறியும். அதனால் பல ட்ரீ சர்ஜன்கள் அதில் ஏறவே மறுத்து செர்ரி பிக்கர் கேட்பார்கள், செலவும் கூடும். ஆஷ் விஷயத்தில் தள்ளிப்போடுவது பணத்துக்கும் நல்லதில்லை, ஏறுபவரின் உயிருக்கும் நல்லதில்லை.

பயத்துக்கும் ஒரு அளவு வேண்டும். மரமோ கிளையோ விழுந்து பிரிட்டனில் பொதுமக்களில் ஒருவர் இறக்கும் வாய்ப்பு ஆண்டுக்குச் சுமார் 1 கோடியில் 1 என்று தேசிய மரப் பாதுகாப்புக் குழு 2011இல் வெளியிட்ட கையேடு சொல்கிறது. பெரிய மரம், வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது, காற்றில் ஆடுகிறது என்பவை கோளாறுகள் இல்லை. மரம் காற்றில் ஆடத்தான் வேண்டும். தண்டு உள்ளீடற்றிருப்பதுகூடத் தானாக ஆபத்தாகிவிடாது. சுற்றியுள்ள கட்டை போதிய தடிமனோடு இருந்தால் அப்படிப்பட்ட ஓக் மரங்கள் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கின்றன.

மூன்று வழிகளில் உங்களுடையது எது?

பார்த்து முடித்ததும் உங்கள் மரம் மூன்றில் ஒன்றில் விழும்: உடனடி ஆபத்து, செத்த மரம், மற்றவை. 2012க்கு முன் இருந்த விதியில் "சாகும், செத்த, ஆபத்தான" மரங்களுக்கு விலக்கு இருந்தது. அந்தப் பழைய வாசகம் இன்னும் பலர் வாயில் புழங்குகிறது. மரம் வெட்ட வருபவர்களில் சிலரும் அதையே சொல்வார்கள். இப்போதைய விதியில் "சாகும் மரம்" என்ற விலக்கு இல்லை. "ஆபத்தான மரம்" என்பதும் போய், கடுமையான தீங்கு உடனடியாக நேரும் ஆபத்தை நீக்க அவசரமாகத் தேவைப்படும் வேலை என்று சுருங்கிவிட்டது. அடுத்த குளிர்காலத்தில் விழக்கூடும் என்பது இதில் அடங்காது. விலக்கு பொருந்தியது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வெட்டியவர் மேல்தான் விழுகிறது.

வெட்டிய பிறகு விவாதித்தால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனிலேயே எடுத்துக்காட்டு உண்டு. என்ஃபீல்டில் வைட்வெப்ஸ் பூங்காவை ஒட்டிய ஓர் உணவகத்தின் வளவில் நின்ற, ஏறக்குறைய 500 வயது என்று மதிப்பிடப்பட்ட ஓக் மரம் 2025 ஏப்ரல் 3 அன்று வெட்டப்பட்டது. மரத்தால் ஆபத்து என்று நிபுணர்கள் சொன்னதால் வெட்டினோம் என்றது உணவக நிறுவனம். மரம் உயிரோடுதான் இருந்தது என்றது என்ஃபீல்டு கவுன்சில். அப்போது அந்த மரத்தின் மேல் டிபிஓ இருக்கவில்லை. வெட்டிய பிறகுதான் மிச்சத்தின் மேல் ஆணை போடப்பட்டது. ஆணையே இல்லாத மரத்துக்கு இத்தனை சர்ச்சை என்றால், ஆணையுள்ள மரத்தை முன்கூட்டிச் சொல்லாமல் வெட்டியவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்றே விழும் நிலையில் இருந்தால்

10. ஆட்களை விலக்குங்கள். மரத்தின் உயரத்தைவிடக் கூடுதலான தூரத்துக்குள் யாரும் வராமல் பாருங்கள், அந்தப் பக்க அறைகளில் தூங்க வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்றால் 999. மின்கம்பி சிக்கியிருந்தால் 105ஐ அழைத்துவிட்டு விலகி நில்லுங்கள். பொதுச் சாலை என்றால் கவுன்சிலின் அவசர எண்.

11. வெட்டும் முன் படமும் காணொளியும் எடுங்கள். தூரத்திலிருந்து முழு மரம், ஜூம் செய்து கோளாறு, அது எதன் மேல் விழும் என்பது. இந்த மூன்றும் வேண்டும்.

12. வேலை அவசியமாகிவிட்டது என்று தெரிந்ததுமே, கூடிய சீக்கிரம், கவுன்சிலுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். படங்களோடு ஒரு மின்னஞ்சல் போதும்.

13. ஆபத்தை நீக்க வேண்டிய அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். முறிந்து நடைபாதைக்கு மேல் தொங்கும் கிளை ஒன்றுதான் ஆபத்து என்றால் விலக்கு அந்தக் கிளைக்கு மட்டும். சந்தடிசாக்கில் மரத்தையே எடுப்பது குற்றம்.

14. வெட்டிய கட்டையில் அழுகல் அல்லது முறிவு தெரியும் துண்டை வைத்திருங்கள், ட்ரீ ஆபீசர் பார்க்கும் வரை விறகாக்க வேண்டாம்.

செத்த மரம்

முழுதாகச் செத்த மரத்துக்கு அனுமதி வேண்டாம், ஆனால் குறைந்தது ஐந்து வேலைநாள் முன்பு எழுத்தில் அறிவிப்பு வேண்டும். உயிருள்ள மரத்தில் காய்ந்த கிளைகளை மட்டும் எடுப்பதற்கு அறிவிப்பும் தேவையில்லை. குளிர்காலத்தில் இலையில்லாத மரத்தைப் பார்த்துச் செத்துவிட்டது என்று முடிவுசெய்யாதீர்கள். ஆஷ் மரம் மே மாதம் வரைகூடத் துளிர்க்காமல் நிற்கும்.

மற்ற எல்லா மரங்களும்: விண்ணப்பம்

சந்தேகத்துக்குரிய மரங்களில் பெரும்பாலானவை இந்த வழிக்குத்தான் வரும். இதை நீண்ட, வெறுப்பூட்டும் வழி என்று நினைக்கிறார்கள். என் கணக்கில் வீட்டுக்காரருக்கு இதுவே மிகவும் சாதகமானது. கட்டணம் இல்லை, முடிவு எழுத்தில் வருகிறது, மறுத்தால் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் கவுன்சிலுக்கு இருக்கிறது.

15. முதலில் நிபுணர் அறிக்கை வாங்குங்கள். நோய், காளான், கட்டமைப்புக் கோளாறு என்று மரத்தின் நிலையைக் காரணம் காட்டினால், தகுந்த நிபுணரின் எழுத்து ஆதாரத்தை விண்ணப்பத்தோடு சேர்க்கச் சொல்லி விதியே கேட்கிறது. மரம் அஸ்திவாரத்தைத் தாழவைக்கிறது என்பது காரணமானால் பொறியாளர் அல்லது சர்வேயர் அறிக்கையும் வேண்டும். ஆர்பரிகல்ச்சரல் அசோசியேஷன், இன்ஸ்டிடியூட் ஆஃப் சார்ட்டர்ட் ஃபாரஸ்டர்ஸ் ஆகிய இரண்டும் ஆலோசகர்களின் பட்டியலை வைத்திருக்கின்றன.

16. வெட்டப்போகிறவரின் வாய்மொழியை அறிக்கையாகக் கொள்ள வேண்டாம். வெட்டினால்தான் அவருக்குக் கூலி. நல்லவர்கள் பலர் இருக்கிறார்கள், ஆனாலும் ட்ரீ ஆபீசர் அந்தக் கேள்வியை மனதில் வைத்துத்தான் படிப்பார். புயலுக்கு மறுநாள் கதவைத் தட்டி, "இது இன்றைக்கே விழும், ரொக்கம் தந்தால் போதும்" என்பவரை அனுப்பிவிடுங்கள்.

17. கோரும் வேலையை அளவோடு எழுதுங்கள். "மரத்தைக் குறைக்க வேண்டும்" என்றாலோ "30 சதவீதம் குறைக்க வேண்டும்" என்றாலோ யாருக்கும் எதுவும் விளங்காது. "வீட்டை நோக்கிய தெற்குப் பக்கக் கிளைகளை 2 மீட்டர் குறைத்து, அந்தப் பக்க விரிவை 6 மீட்டரிலிருந்து 4 மீட்டராக்குவது" என்பது விளங்கும். படம் ஓவியம்போல இருக்க வேண்டியதில்லை. மரங்களின் இடம் காட்டும் எளிய கோட்டுப்படமும், கிளைகளைக் குறித்த ஒரு புகைப்படமும் இணையுங்கள்.

18. கோளாறு எவ்வளவோ அவ்வளவு வேலை கேளுங்கள். அறிக்கை ஒரு கவையில் பிளவு என்று சொல்ல, விண்ணப்பம் முழு மரத்தையும் எடுக்கக் கேட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படும்.

19. பிளானிங் போர்ட்டல் வழியாக அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான கடிதத்தைக் கோப்பில் வையுங்கள். எட்டு வாரத்துக்குள் முடிவு வர வேண்டும். கிடைத்த அனுமதி, வேறு தேதி சொல்லாவிட்டால், இரண்டு ஆண்டுக்குச் செல்லும். மறுத்தால் 28 நாளுக்குள் பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டிடம் மேல்முறையீடு செய்யலாம்.

கன்சர்வேஷன் ஏரியாவில் தனி ஆணை இல்லாத மரமென்றால் விண்ணப்பத்துக்குப் பதில் ஆறு வார அறிவிப்பு. அங்கே கவுன்சிலால் வேண்டாம் என்று மறுக்க முடியாது. விருப்பமில்லையென்றால் அந்த ஆறு வாரத்துக்குள் டிபிஓ போட வேண்டும். போடாமல் காலம் முடிந்தால் அறிவித்த வேலையைச் செய்யலாம்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும்: கவுன்சில் மறுத்து, பிறகு மரம் விழுந்தால் யார் பொறுப்பு? விதியில் இழப்பீட்டுக்கு இடமுண்டு. முடிவு வந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கோர வேண்டும், இழப்பு 500 பவுண்டுக்குக் குறையக் கூடாது, மறுத்த நேரத்தில் அந்த இழப்பு நேரக்கூடியது என்று நியாயமாக முன்கூட்டி அறியக்கூடியதாக இருந்திருக்க வேண்டும். கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். கவுன்சில் எதை முன்கூட்டி அறிந்திருக்க முடியும் என்பது, நீங்கள் விண்ணப்பத்தோடு என்ன கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. "மரம் பெரிதாக இருக்கிறது, பயமாக இருக்கிறது" என்று எழுதியவருக்கு இந்த வாசல் அநேகமாக மூடியே இருக்கும். காளானின் பெயரும், அழுகலின் அளவும், முறிந்தால் எந்தக் கூரை சேதமாகும் என்பதும் எழுதப்பட்ட அறிக்கையைக் கொடுத்தவருக்கு அது திறந்திருக்கும். அறிக்கைக்கு ஆகும் செலவு வீண் என்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

எட்டு வாரம் காத்திருக்கும்போது

இந்தக் காலத்திலும் கடமை உங்களுடையதே. மரத்தை மாற்ற முடியாவிட்டாலும் அதன் கீழே இருப்பதை மாற்றலாம், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். பிள்ளைகளின் ஊஞ்சலையும் பெஞ்சையும் நகர்த்துங்கள், காரை வேறிடத்தில் நிறுத்துங்கள், மரத்தடியைக் கயிறு கட்டி மறியுங்கள், பக்கத்து வீட்டாருக்கு எழுத்தில் சொல்லுங்கள். வானிலை நிலையம் பலத்த காற்று எச்சரிக்கை விடும் நாளில் யாரும் அங்கே போகக் கூடாது. இடையில் நிலைமை மோசமானால் 10ஆம் படி உங்களுக்குத் திறந்துவிடுகிறது. விண்ணப்பம் நிலுவையில் இருப்பது அதைத் தடுக்காது.

வேலை நடக்கும் நாள்

ஏணியில் ஏறிச் செயின்சா பிடிப்பதை இந்த நூல் எந்தச் சூழ்நிலையிலும் பரிந்துரைக்காது. செத்த, அழுகிய மரம் நல்ல மரம்போல விழுவதில்லை. வெட்டு போகும் திசை ஒன்று, முறியும் திசை இன்னொன்றாக இருக்கும். வருபவரிடம் பப்ளிக் லயபிலிட்டி காப்பீட்டுச் சான்றையும் செயின்சா தகுதிச் சான்றையும் கேளுங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள். வேலை மரப் பராமரிப்புக்கான பிஎஸ் 3998 தரத்தின்படி நடக்கும் என்று விலைக்கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அனுமதிக் கடிதத்தின் நகலை அவர் கையில் கொடுங்கள்.

பறவைக் கூட்டையும் வௌவாலையும் மறக்கிறவர்கள் அதிகம். 1981ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி பறவை கட்டிக்கொண்டிருக்கும் அல்லது பயன்படுத்தும் கூட்டைக் கலைப்பது குற்றம். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தனிக் கவனம் வேண்டும். வௌவால் தங்கும் பொந்து, அந்த நேரத்தில் காலியாக இருந்தாலும், பாதுகாக்கப்பட்டதுதான். அழுகிய பொந்தும் உரிந்த பட்டையும் உங்களுக்கு ஆபத்தின் அறிகுறி, வௌவாலுக்கு வீடு. கவுன்சிலின் அனுமதி இந்தச் சட்டங்களுக்கு விலக்கு ஆகாது.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

பக்கத்து வீட்டு மரத்தின் கிளை நம் வேலிக்கு மேல் வந்தால் எல்லை வரை வெட்டிக்கொள்ளலாம் என்பது பொதுவான உரிமை. டிபிஓ இருந்தால் அதற்கும் அனுமதி வேண்டும். நல்ல செய்தி, விண்ணப்பிக்க மரத்தின் உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. வேரும் மரத்தின் பகுதிதான். வீட்டை நீட்டிக் கட்டவோ கார் நிறுத்தத் தளம் போடவோ பள்ளம் தோண்டி வேரை வெட்டுவது கிளையை வெட்டுவதற்குச் சமமான மீறல். மரத்துக்கு அதைவிட மோசம், நின்ற மரத்தைச் சாயும் மரமாக்குவது பல இடங்களில் இதுதான். உச்சியை மொட்டையடித்தால் பாதுகாப்பு என்பதும் தவறு. வெட்டுப்பட்ட இடங்கள் அழுகும், அங்கிருந்து எழும்பும் புதுக் கிளைகள் பலவீனமான பிடிப்போடு வளரும். சில ஆண்டில் முன்பைவிடக் கூடுதல் ஆபத்து வந்து நிற்கும்.

களிமண் நிலத்தில், குறிப்பாக லண்டனின் பெரும்பகுதியில், பெரிய மரத்தை ஒரே நாளில் எடுத்தால் அது குடித்துவந்த நீர் மண்ணில் தங்கி நிலம் உப்பலாம், சுவர் வெடிக்கலாம். வீட்டுக்குப் பக்கத்து மரமென்றால் காப்பீட்டு நிறுவனத்திடம் முதலில் கேளுங்கள்.

அபராதம் கட்டிவிட்டு வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று ஆலோசனை சொல்பவர்களும் இருக்கிறார்கள். மரத்தை வெட்டி வீழ்த்தினாலோ, சாகும் விதத்தில் சேதப்படுத்தினாலோ அபராதத்துக்கு இன்று மேல்வரம்பு இல்லை. மரம் போனதால் உங்களுக்குக் கிடைத்த பண லாபத்தையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கும். அனுமதியில்லாமல் கிளை வெட்டுவது போன்ற சிறிய மீறலுக்கு 2,500 பவுண்டு வரை. வேரில் விஷம் ஊற்றுவதும் இதில் முதல் வகைதான்.

வெட்டிய பிறகு

20. செத்த மரமாகவோ உடனடி ஆபத்தாகவோ விலக்கின் கீழ் முழு மரத்தையும் எடுத்திருந்தால், அல்லது அனுமதியில் நிபந்தனை இருந்தால், அதே இடத்தில் வேறு மரம் நட வேண்டும். எந்த இனம், எந்த அளவு என்று ட்ரீ ஆபீசரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே நடவே முடியாத நிலை என்றால் விலக்குக் கேட்டுக் கடிதம் எழுதலாம்.

21. ஆணையின் நகல், படங்கள், அறிக்கை, கவுன்சில் கடிதங்கள், வேலைக்கான பில் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் சொலிசிட்டர் இவற்றைக் கேட்பார். நட்ட நாளையும் அதில் எழுதிவையுங்கள். பழைய மரத்தின் மேல் இருந்த டிபிஓ, சட்டப்படி நட வேண்டியிருந்த புதிய கன்றுக்கும் அப்படியே பொருந்தும்.